'எழுதினேனே மிஸ்!' - இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?



இந்த முறை இங்கிலீஷ் பகுதியில் ரொம்பச் சின்ன ஒரு சொல்லைப் பற்றி எழுதப் போகிறேன். இங்கிலீஷில் எழுதினால் இரண்டே எழுத்து. நாம் எல்லோரும் சின்ன வகுப்பிலேயே படித்துவிட்ட சொல். அதுதான் 'டூ'. அதன் குடும்பத்தில் 'டஸ்', 'டிட்' என்று இன்னும் இரண்டு பேர். "இதில் என்ன இருக்கு?" என்று நகர்ந்து போய்விடாதீர்கள். நம்மை ஒருவர் நம்பாதபோது நமக்காகப் பேசுவது இந்தச் சொல்தான்.

முதலில் ஒரு குறிப்பு. இங்கிலீஷ் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். 6-ஆம் வகுப்புத் தம்பி தங்கைகளும் இங்கே நின்று வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதற்காக. இந்த விஷயம் கண்ணால் படித்தால் பாதிதான் புரியும். வாயால் சொல்லிப் பார்த்தால்தான் முழுசாகப் புரியும். பக்கத்தில் நிற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்!

சரி, விஷயத்துக்கு வருவோம். மிஸ் நோட்டுகளை எண்ணுகிறார். உங்கள் நோட்டு அடியில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. "யூ டிட் நாட் ரைட் த ஹோம்வொர்க்" என்கிறார். தமிழ் வகுப்பாக இருந்தால் உடனே என்ன சொல்வோம்? "எழுதினேனே மிஸ்!" அவ்வளவுதான். அந்தக் கடைசி 'னே'-யில் எல்லாமே இருக்கிறது. 'நீங்கள் சொல்வது சரியில்லை, நான் எழுதியது உண்மை, தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள்' என்று மூன்று விஷயத்தையும் ஒரே எழுத்து சொல்லிவிடுகிறது. மரியாதையும் குறையவில்லை.

இதையே இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் "நோ மிஸ், ஐ ரோட் மிஸ்" என்போம். இலக்கணப்படி இதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 'னே' காணாமல் போய்விட்டது. சாதாரணமாகத் தகவல் சொல்வது போல இருக்கிறது. இன்னும் சிலர் "ஐ ரோட் ஒன்லி மிஸ்" என்போம். இது முதலாவதைவிட ஆபத்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சரியான வாக்கியம் இதோ: "ஐ டிட் ரைட் இட், மிஸ்."

சொல்லும்போது 'டிட்' என்ற இடத்தில் குரலை உயர்த்தி அழுத்த வேண்டும். மற்ற சொற்களை லேசாக விட்டுவிட வேண்டும். எல்லாச் சொல்லையும் ஒரே கனத்தில் சொன்னால் பலன் இல்லை. நம் பக்கத்து இங்கிலீஷில் எல்லாச் சொல்லும் வரிசையில் நிற்கிற மாதிரி ஒரே உயரத்தில் வரும். காரணம், தமிழில் அழுத்தத்தைக் குரலிடம் அவ்வளவாக விடுவதில்லை. 'ஏ', 'தான்' என்று சொல்லோடு ஒட்டும் துண்டுகளிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டோம். இங்கிலீஷில் ஒட்டுத் துண்டு இல்லை. அதனால் குரலையும் 'டூ'வையும் சேர்த்து வேலை வாங்குகிறார்கள்.

இப்போது நம்மில் பலர் வழுக்கி விழும் இடம். 'டிட்' வந்துவிட்டால் அடுத்து வரும் வினைச்சொல் அதன் பழைய, வெறும் உருவத்துக்குத் திரும்பிவிடும். "ஐ டிட் ரோட்" என்றால் தப்பு. "ஐ டிட் ரைட்" என்பதே சரி. அதே போல "ஷி டஸ் லைக்ஸ்" தப்பு, "ஷி டஸ் லைக்" சரி. காலத்தைக் காட்டும் பொறுப்பை 'டிட்' எடுத்துக்கொண்டது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பேர் அதே மூட்டையைத் தூக்க வேண்டியதில்லை.

இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். நம் தமிழிலேயே இதே ஏற்பாடு இருக்கிறது! "படிக்கிறியா இல்லையா?" என்று அம்மா கேட்டால் என்ன சொல்கிறோம்? "படிக்கத்தான் செய்றேன்மா, மார்க்குதான் வரமாட்டேங்குது." கவனித்தீர்களா? 'படிக்க' என்று காலம் காட்டாத உருவம் முதலில். பிறகு 'தான்'. பிறகு 'செய்றேன்'. 'செய்' என்றால் இங்கிலீஷில் என்ன? 'டூ'! "ஐ டூ ஸ்டடி, பட் த மார்க்ஸ் டோன்ட் கம்." இங்கிலாந்துக்கும் நமக்கும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர்! இரண்டு மொழியும் உறவுக்கார மொழிகள்கூட இல்லை. ஆனாலும் அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டுமே 'செய்' என்ற வினையைத் துணைக்குக் கூப்பிடுகின்றன. 'படித்தத்தான் செய்தேன்' என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். வாயே வராது. அப்படி வாய் வராததுதான் 'டிட் ரோட்' என்பதும். சந்தேகம் வரும்போதெல்லாம் 'படிக்கத்தான் செய்தேன்' என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. தமிழில் 'செய்றேன்' என்று வந்தால் பெரும்பாலும் பின்னாலேயே ஒரு 'ஆனால்' காத்திருக்கும். படிக்கத்தான் செய்றேன், ஆனா... பஸ் வரத்தான் செஞ்சுது, ஆனா நிக்கல... இங்கிலீஷ் 'டூ'வுக்கு இந்த வேலையும் தெரியும், நேராக மறுக்கும் வேலையும் தெரியும். "த பஸ் டிட் கம், பட் இட் டிட் நாட் ஸ்டாப்." இது முதல் வகை. "யூ டிட் நாட் கம் எஸ்டர்டே!" "ஐ டிட் கம், சார்!" இது இரண்டாம் வகை. இரண்டாம் வகைக்குத் தமிழில் 'வந்தேனே' என்ற ஏகாரம்தான் பொருத்தம். 'வரத்தான் செய்தேன்' என்றால் ஏதோ சமாளிக்கிற மாதிரி இருக்கும்.

இந்த 'டூ'வுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? யோசித்துப் பாருங்கள். கேள்வி கேட்க 'டூ' வேண்டும்: "டிட் யூ ரைட்?" இல்லை என்று சொல்லவும் 'டூ' வேண்டும்: "ஐ டிட் நாட் ரைட்." அங்கெல்லாம் அது வந்தே தீர வேண்டும். அதனால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் "ஐ ரோட்" என்ற சாதாரண வாக்கியத்துக்கு 'டூ' தேவையே இல்லை. தேவையில்லாத இடத்தில் வந்து நிற்கிறது என்றால் ஏதோ காரணத்தோடுதான் வந்திருக்கிறது என்று கேட்பவருக்குத் தோன்றும். சீருடை போட வேண்டியதில்லாத ஞாயிற்றுக்கிழமையில் ஒருவர் சீருடையோடு வந்தால் நாம் திரும்பிப் பார்ப்போம் இல்லையா, அது போல.

ஆரம்பத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. மிகப் பழைய இங்கிலீஷில் கேள்வி கேட்கவோ மறுக்கவோ 'டூ' தேவைப்படவில்லை. ஷேக்ஸ்பியர் (1564-1616) காலத்தில் எல்லாம் கலந்து கிடந்தது. 'டூ' போட்டும் எழுதினார்கள், போடாமலும் எழுதினார்கள். எந்த அழுத்தமும் இல்லாமல் சும்மா "ஐ டூ லவ்" என்றும் எழுதினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்விக்கும் மறுப்புக்கும் 'டூ' கட்டாயமானது. சாதாரண வாக்கியத்திலிருந்து அது விலகிக்கொண்டது. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டார். அதன் முன்னால் ஒரு இலக்கணப் பகுதியும் எழுதியிருக்கிறார். அதில் தேவையில்லாமல் 'டூ' போடுவதை ஒரு கெட்ட வழக்கம் என்றே சொல்லிவிட்டார். இப்படிச் சும்மா வரும் 'டூ'வை எல்லோரும் கைவிட்ட பிறகுதான், காரணத்தோடு வரும் 'டூ' தனியாகத் தெரிய ஆரம்பித்தது.

இப்போது 'ஒன்லி' விஷயத்துக்கு வருவோம். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

"எங்க இருக்க?" "தாம்பரத்துலதான் இருக்கேன்." இதை "ஐ ஆம் இன் தாம்பரம் ஒன்லி" என்கிறோம். "டெய்லி வர்றேனே!" என்பதை "டெய்லி ஐ ஆம் கமிங் ஒன்லி" என்கிறோம். 'தான்' என்றால் 'ஒன்லி', 'ஏ' என்றாலும் 'ஒன்லி' என்று மனதில் ஒரு கணக்கு போட்டு வைத்திருக்கிறோம். நாம் மட்டும் இல்லை. ஹிந்தி பேசுபவர்களும் தங்கள் 'ஹீ'-யை இப்படியே 'ஒன்லி' ஆக்குகிறார்கள். அதனால் இந்தியாவுக்குள் பேசும்போது பெரும்பாலும் புரிந்துவிடும். இதை வைத்து யாரையும் கேலி செய்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் எழுத்தில் இது நம் காலையே வாரிவிடும்.

ஏன் என்று பார்க்க நம் ஊருக்குள்ளேயே ஒரு நடை போய்வரலாம். நம் பெரும்பாக்கத்தில்தான் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது. 2022 ஜனவரி 12-ஆம் தேதி அதன் புதிய கட்டடத்தைப் பிரதமர் காணொலி வழியாகத் திறந்துவைத்தார். பழந்தமிழ் நூல்களை ஆராய்வதற்கென்றே இருக்கும் இடம் அது. அந்தப் பழைய நூல்களில் மூத்ததாகச் சொல்லப்படுவது தொல்காப்பியம். அதன் சொல்லதிகாரத்தில் இடையியல் என்று ஒரு பகுதி. அங்கே 'ஏ' என்ற இந்த ஒற்றை எழுத்துக்கு எத்தனை வேலை என்று தொல்காப்பியர் எண்ணி வைத்திருக்கிறார். தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து. பல நூற்றாண்டு கழித்து நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இசைநிறை என்று இன்னொன்றையும் சேர்த்து ஆறு ஆக்கினார். (தமிழ் ஐயா இதைப் படித்தால் சந்தோஷப்படுவார். இங்கிலீஷ் கட்டுரையில் நன்னூல்!)

இதில் நமக்கு வேண்டியவை இரண்டு. தேற்றம், பிரிநிலை. தேற்றம் என்றால் தெளிவு, உறுதி. சந்தேகம் வேண்டாம், நடந்தது உண்மை என்று சொல்வது. பிரிநிலை என்றால் பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்து எடுப்பது. இது மட்டும், மற்றது இல்லை என்று சொல்வது. தமிழில் இரண்டுக்கும் அதே 'ஏ' போதும், பேச்சில் அதே 'தான்' போதும். இங்கிலீஷில் அப்படி இல்லை. பிரிநிலைக்கு 'ஒன்லி'. தேற்றத்துக்கு 'டூ'. ஆளே வேறு! தேற்றத்துக்குப் போக வேண்டிய இடத்தில் பிரிநிலையை அனுப்பிவிடுகிறோம். இவ்வளவுதான் நம் சிக்கல். தொல்காப்பியர் இரண்டையும் தனித்தனியாகப் பெயர் வைத்துப் பிரித்துக் கொடுத்த பிறகும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

ஒரு நல்ல உதாரணம் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னத்தைப் பாருங்கள். கீழே 'வாய்மையே வெல்லும்' என்று இருக்கும். இந்த 'ஏ' எந்த வகை? இங்கிலீஷில் "ட்ரூத் அலோன் ட்ரையம்ஃப்ஸ்" என்கிறார்கள். 'அலோன்' என்றால் 'மட்டும்'. அதாவது பிரிநிலை. பொய் வெல்லாது, பணம் வெல்லாது, வாய்மை மட்டும் வெல்லும். சரி, இப்போது ஒருவர் சோர்ந்து போய், "எங்கேப்பா வாய்மை ஜெயிக்குது?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். அவருக்கு என்ன பதில்? "வாய்மை வெல்லத்தான் செய்யும்." இங்கிலீஷில் "ட்ரூத் டஸ் ட்ரையம்ஃப்." இங்கே மற்றவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. வெல்லுமா வெல்லாதா என்பதுதான் கேள்வி. இதுதான் தேற்றம்.

இதில் என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைக்கலாம். ஒரு கடிதத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். "நீங்கள் வருமானச் சான்றிதழ் இணைக்கவில்லை" என்று இங்கிலீஷில் மெயில் வருகிறது. நீங்களோ இணைத்துவிட்டீர்கள். அவசரத்தில் பதில் எழுதுகிறீர்கள்: "ஐ சப்மிட்டட் த இன்கம் சர்டிஃபிகேட் ஒன்லி." இதைப் படிக்கும் அதிகாரிக்கு என்ன புரியும்? 'வருமானச் சான்றிதழ் மட்டும் கொடுத்தேன்.' அப்படியானால் சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் நகல் எதுவுமே கொடுக்கவில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது! இதற்குப் பதிலாக "ஐ டிட் சப்மிட் த இன்கம் சர்டிஃபிகேட் ஆன் 10 ஜூன்" என்று எழுதிப் பாருங்கள். சண்டை இல்லை, கெஞ்சல் இல்லை. 'நீங்கள் தேடவில்லை' என்று அவர்மேல் பழி போடவும் இல்லை. ஆனால் கொடுத்தேன் என்பதில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. தேதியையும் சேர்த்துவிட்டால் அவர் கட்டாயம் இன்னொரு முறை பார்ப்பார்.

பக்கத்திலேயே சோழிங்கநல்லூர், ஓ.எம்.ஆர். என்று கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. நம்மில் பலர் நாளைக்கு அங்கே இன்டர்வியூவுக்குப் போவோம். "யூ டோன்ட் ஹேவ் எனி எக்ஸ்பீரியன்ஸ்" என்று கேட்டால் மௌனமாகத் தலையைக் குனிய வேண்டியதில்லை. "ஐ டோன்ட் ஹேவ் எ ஜாப் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், பட் ஐ டூ நோ டைப்பிங்" என்று சொல்லலாம். இல்லாததை ஒப்புக்கொண்டு, இருப்பதை நிமிர்த்திச் சொல்ல இந்த 'டூ' உதவும்.

'தான்' எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ அதைப் பொறுத்து இங்கிலீஷ் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'நான்தான் எழுதினேன்' என்றால் "இட் வாஸ் ஐ ஹூ ரோட் இட்", இல்லாவிட்டால் 'ஐ'-யை மட்டும் அழுத்தி "ஐ ரோட் இட்". 'நேத்துதான் எழுதினேன்' என்றால் "ஐ ரோட் இட் ஒன்லி எஸ்டர்டே". இங்கே 'ஒன்லி' சரிதான், தைரியமாகப் போடலாம். 'எழுதத்தான் செய்தேன்' என்றால் மட்டும் "ஐ டிட் ரைட் இட்". ஆக, 'தான்' பெயரோடு ஒட்டினால் ஒரு வழி, வினையோடு ஒட்டினால் 'டூ' வழி.

அடுத்து, 'டூ'வைக் கூப்பிடக் கூடாத இடங்கள். வாக்கியத்தில் ஏற்கெனவே ஒரு துணைவினை இருந்தால் 'டூ'வுக்கு அங்கே வேலை இல்லை. இருப்பவரையே அழுத்த வேண்டும். "ஐ ஹேவ் ஃபினிஷ்ட்." "ஐ கேன் ஸ்விம்." "ஹி வில் கம்." 'ஹேவ்', 'கேன்', 'வில்' இவற்றில் குரலை ஏற்றினால் போதும். "ஐ டூ கேன் ஸ்விம்" என்பது இங்கிலீஷே இல்லை. 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' இவையும் அப்படியே. "ஐ ஆம் ரெடி" என்று 'ஆம்'-ஐ அழுத்தினால் 'ரெடியாத்தான் இருக்கேன்' என்று அர்த்தம் வந்துவிடும்.

இதில் ஒரு அழகான விஷயம். சாதாரணப் பேச்சில் 'ஐ ஆம்' சுருங்கி 'ஐம்' ஆகும். 'ஹி வில்' சுருங்கி 'ஹில்' போல ஆகும். அழுத்திச் சொல்லும்போது மட்டும் சுருங்கவே கூடாது. முழுசாக விரித்துச் சொல்ல வேண்டும். 'கேன்' என்ற சொல்லும் சாதாரணமாக 'கன்' என்று மங்கிப் போகும், அழுத்தினால் மட்டுமே 'கேன்' என்று பளிச்சென்று வரும். "ஆர் யூ ரெடி?" என்றால் "யெஸ், ஐம்" என்று யாரும் சொல்வதில்லை, "யெஸ், ஐ ஆம்" என்றுதான் சொல்வார்கள். கடைசியில் தனியாக நின்று கனத்தைத் தாங்கும் சொல்லைச் சுருக்க முடியாது. எழுத்தில் குரல் கேட்காது அல்லவா? அதனால் புத்தகங்களில் அந்தச் சொல்லைச் சாய்வெழுத்தில் அச்சிடுவார்கள். நாம் கையால் எழுதும்போது அடிக்கோடு போட்டால் போதும்.

'ஷல்' பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பேச்சில் இப்போது அதிகம் வராது. ஆனால் சட்டத்தில் அது ராஜா. இந்திய அரசியலமைப்பில் 21-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம் அதைச் சேர்த்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் அரசு இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இங்கிலீஷில் அந்த இடத்தில் 'வில்' என்றோ 'மே' என்றோ போடவில்லை, 'ஷல்' என்று போட்டிருக்கிறார்கள். 'மே' என்றிருந்தால் 'கொடுக்கலாம்' என்று ஆகியிருக்கும். இஷ்டம் இருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் இல்லை! 'ஷல்' என்பதால் 'கொடுத்தே ஆக வேண்டும்'. இந்த வராண்டாவில் ஓடி விளையாடும் எல்லாச் சின்னப் பிள்ளைகளும் ஒரு துணைவினையின் பலத்தில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அதே அரசியலமைப்பின் முகப்புரையிலும் நம் 'டூ' இருக்கிறது. சமூக அறிவியல் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். 'இந்திய மக்களாகிய நாம்' என்று எழுவாய் முதலிலேயே வந்துவிடும். பிறகு நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் வரிசையாக வரும். 1949 நவம்பர் 26 என்ற தேதி வரும். அதற்கெல்லாம் பிறகுதான் வினைச்சொல் வரும். அந்த வினைக்கு முன்னால் 'டூ ஹியர்பை' என்று நிற்கிறது. இங்கே யாரும் சந்தேகப்படவில்லை, யாரையும் மறுக்கவும் இல்லை. அப்புறம் எதற்கு 'டூ'? இது சட்ட மொழியில் தங்கிவிட்ட பழைய 'டூ'. இந்த நொடியில், இந்தச் சொல்லாலேயே இந்தச் செயலைச் செய்கிறோம் என்ற கம்பீரத்தைக் கொடுக்கிறது. அமைச்சர்கள் பதவியேற்கும்போது இங்கிலீஷில் எடுக்கும் உறுதிமொழியிலும் 'டூ' உண்டு. அரசியலமைப்பின் 3-ஆவது அட்டவணையில் அந்த வாசகம் இருக்கிறது. தமிழில் எடுக்கும்போது 'உளமார' என்ற சொல் அந்தக் கனத்தைக் கொடுக்கிறது. இங்கிலீஷ் சினிமாவில் கல்யாணத்தின்போது "ஐ டூ" என்பார்களே, அது வேறு. அங்கே 'டூ' கேள்வியில் வந்த முழு வினைக்கும் பதிலாக நிற்கிறது.

வீட்டுக்கு வருபவரை அழைக்கவும் 'டூ' உண்டு. "கம் இன்" என்றால் 'உள்ளே வா'. "டூ கம் இன்" என்றால் 'அட, உள்ளே வாங்களேன்'. "டூ சிட் டவுன்" என்றால் 'உட்காருங்களேன்'. நாம் 'வாங்க வாங்க' என்று இரண்டு தடவை சொல்வதையும் இங்கே வைத்துக்கொள்ளலாம். ஏவலில் மட்டும் 'பி' என்பதோடும் 'டூ' சேரும்: "டூ பி கேர்ஃபுல்." கொஞ்சம் பழைய காலத்து மரியாதை வாசனை அடிக்கும். நண்பனிடம் சொன்னால் நாடகம் போல இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எல்லா வாக்கியத்திலும் 'டூ' போட்டுவிடாதீர்கள்! செல்ஃப் இன்ட்ரொடக்ஷன் சொல்லும்போது "ஐ டூ லிவ் இன் பெரும்பாக்கம். ஐ டூ ஸ்டடி இன் லெவன்த்" என்றால் எதிரில் இருப்பவர், 'இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?' என்று முழிப்பார். யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும், இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும், அல்லது நாமே முன்னால் ஒரு 'இல்லை' சொல்லியிருக்க வேண்டும். அப்போதுதான் 'டூ' எடுபடும். சாம்பாரில் பெருங்காயம் மாதிரிதான். ரென் அண்டு மார்ட்டின் இலக்கணப் புத்தகத்திலும் அழுத்தத்துக்கு 'டூ' என்பதற்கு இடம் உண்டு. லைப்ரரியில் எடுத்துப் பாருங்கள். (அந்த ரென் என்பவர் பெரிய நாவலாசிரியர். 1924-இல் அவர் எழுதிய 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் சினிமாவாகவும் வந்தது. இலக்கணம் எழுதியவர் போர்க்கதையும் எழுதினார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?)

துணைவினை என்று வந்தால் உண்மையில் நாம்தான் பணக்காரர்கள். இங்கிலீஷில் அழுத்தத்துக்கு ஒரு 'டூ'வும் கொஞ்சம் குரலும். நமக்கோ எத்தனை! 'சொன்னேன்' என்பது தகவல். 'சொல்லிட்டேன்' என்றால் முடிந்தது, இனி பேச்சில்லை. 'வந்து தொலைஞ்சான்' என்றால் வந்ததில் எரிச்சல். 'எழுதித் தள்ளினாள்' என்றால் பக்கம் பக்கமாக எழுதினாள். 'படிச்சுக் கிழிச்சான்' என்றால்... அதை நான் விளக்க வேண்டியதில்லை, ரிசல்ட் அன்றைக்கு எல்லா வீட்டிலும் கேட்கும். இவற்றையெல்லாம் அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோக முடியாது. "ஷி ரோட் அண்ட் புஷ்ட்" என்றால் யாரையோ பிடித்துத் தள்ளிவிட்டாள் என்று நினைப்பார்கள்! "ஹி ஸ்டடீட் அண்ட் டோர்" என்றால் புத்தகத்துக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அங்கே வேறு சொல் தேட வேண்டும். 'எழுதித் தள்ளினாள்' என்பதற்கு "ஷி ரோட் பேஜஸ் அண்ட் பேஜஸ்". 'செய்' ஒன்றுதான் இரண்டு கரைக்கும் பாலம் போட்ட மாதிரி நேராகப் போய்ச் சேருகிறது.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. கீழே இருப்பவற்றை இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் 'டூ' வராது, ஜாக்கிரதை!

பெரும்பாக்கம் ஏரிக்கு வெளியூர்ப் பறவைகள் வரத்தான் செய்கின்றன.
நேத்து பஸ் மேடவாக்கத்துல நின்னுச்சே!
என்னால சைக்கிள் ஓட்டத்தான் முடியும், ஆனா ஸ்கூட்டர் ஓட்ட முடியாது.
இந்தக் கடையில பேனா மட்டும்தான் கிடைக்கும்.
அவளுக்குக் கணக்கு பிடிக்கத்தான் செய்யும், கணக்குப் பரீட்சைதான் பிடிக்காது.
நான் ரெடியாத்தான் இருக்கேன் சார்.

விடைகளை ஒரு தாளில் எழுதி, பெயரும் வகுப்பும் குறிப்பிட்டு இங்கிலீஷ் மிஸ் மேஜையில் வைக்கவும். மூன்றாவது வாக்கியத்தில் நிறைய பேர் மாட்டுவார்கள் என்று நினைக்கிறேன். சரியான விடைகள் அடுத்த தாளில் இதே இடத்தில் ஒட்டப்படும்.

- 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு